படிக்கட்டு யாருக்குச் சொந்தம்?

கீழே பாலிடெக்னிக் வொர்க்‌ஷாப், நடுவுல மூணு டிபார்ட்மென்ட், மேல் மாடியில பி.எட். வகுப்பு. எல்லாம் ஒரே பில்டிங். நம்ம பக்கத்துத் தனியார் கல்லூரிகள்ல இது ஒண்ணும் புதுசு இல்ல. இந்த மாதிரி ஒரு பில்டிங்ல லேபுக்கு ஒரு இன்சார்ஜ் உண்டு, கிளாஸ்ரூமுக்கு ஒரு டியூட்டர் உண்டு. காரிடாருக்கும் படிக்கட்டுக்கும் யார் இன்சார்ஜ்னு கேட்டுப் பாருங்க. ஒரு டிபார்ட்மென்ட் இன்னொரு டிபார்ட்மென்ட்டைக் கை காட்டும்.

எனக்கு ஊர் வேப்பந்தட்டை. சோளம் அறுக்கிற சமயத்துல இந்தப் பக்கம் பஸ்ல வந்தவங்களுக்குத் தெரியும், ரோட்டுல பாதி மக்காச்சோளம் காய்ஞ்சுக்கிட்டு இருக்கும். ஓரத்துல வரிசையா கல்லு வச்சிருப்பாங்க. களம் இல்லாத விவசாயி வேற எங்க போய்க் காய வைப்பார், அவரைக் குத்தம் சொல்ல நான் வரல. ஆனா ரோடு எல்லாருக்கும் பொதுங்கிறதாலதான் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்க முடியுது. காரிடாரும் அப்படித்தான். உடைஞ்ச டெஸ்க் நாலு, பழைய ஆன்சர் பேப்பர் கட்டு, சிம்போசியத்துக்குப் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர், படிக்கட்டுக்குக் கீழே சார்ஜ் ஏறுற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். ஒவ்வொண்ணும் தனியா பார்த்தா சின்ன விஷயம்.

இதை நம்பரா மாத்திப் பார்த்தா சின்ன விஷயமா தெரியாது. தேசிய கட்டட விதித் தொகுப்பு 2016, சுருக்கமா என்.பி.சி., கல்விக் கட்டடத்தில் படிக்கட்டின் அகலம் குறைந்தது 1.5 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. அதே தொகுப்பு, அவசரத்தில் வெளியேறுவதற்குப் படிக்கட்டில் ஒரு ஆளுக்கு 10 மில்லிமீட்டர் அகலம் என்று கணக்கு வைக்கிறது. ஒரு ஆள் 10 மில்லிமீட்டரில் நிற்பார் என்று அர்த்தம் இல்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் இறங்கி முடிக்க, மொத்தமாக எவ்வளவு அகலம் ஒதுக்க வேண்டும் என்கிற கணக்கு அது. 1500-ஐ 10-ஆல் வகுத்தால் 150. அதாவது ஒரு படிக்கட்டு, ஒரு மாடியில் 150 பேருக்குப் போதும்.

இப்போ அந்தப் படிக்கட்டு திரும்புற இடத்துல 45 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு பீரோவை வைங்க. மிச்சம் 1050 மில்லிமீட்டர், 105 பேர். அந்த பீரோ 45 பேரோட இடத்தைப் பிடிச்சிருக்கு. நம்ம கிளாஸ்ல முக்கால்வாசி. இதுக்கு அப்புறம் எந்தப் படிக்கட்டுல எதைப் பார்த்தாலும் நான் சென்டிமீட்டர்ல பார்க்கிறதில்ல, தலை எண்ணிக்கையிலதான் பார்க்கிறேன்.

அடுத்தது பூட்டு. ஒரு மாடியில் நாலு வகுப்பு, வகுப்புக்கு 60 பேர், மொத்தம் 240. இரண்டு முனையிலும் 1.5 மீட்டர் படிக்கட்டு இருந்தால் 300 பேர் வரை தாங்கும், பிரச்சினை இல்லை. பின்பக்கப் படிக்கட்டின் கிரில் கேட்டைப் பூட்டினால் 150. மீதி 90 பேருக்கு அந்தக் கட்டடத்தில் வழி இல்லை. வரைபடத்தில் இருக்கிறது, அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது. சாவி மட்டும் வேறு யார் பாக்கெட்டிலோ இருக்கிறது.

ஏன் பூட்டுறாங்க? எல்லாருக்கும் தெரிஞ்ச காரணம்தான். பின்படிக்கட்டுல பசங்க உட்கார்ந்து பேசுறாங்க, கிளாஸ் கட் அடிக்கிறாங்க, ஜோடியா நிக்கிறாங்க. தமிழ்நாட்டுல பல இன்ஜினியரிங் கல்லூரிகள்ல ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டுன்னு பிரிச்சிருக்கிறதும் இதே யோசனைதான். அதோட நியாய அநியாயத்தை விவாத மேடைக்கு விட்டுடுறேன். இன்ஜினியரா எனக்கு இருக்கிற கேள்வி வேற. ஆபத்து வரும்போது மனுஷங்க பக்கத்துல இருக்கிற வழியைத் தேடுறதைவிட, தினமும் வந்த வழியிலதான் திரும்ப ஓடுவாங்க. தீ விபத்துகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது. நாலு வருஷம் ஒரு படிக்கட்டுல கால் வைக்காத பெண்ணுக்கு, புகை நிறைஞ்ச காரிடார்ல அந்தப் படிக்கட்டு ஞாபகத்துக்கே வராது. கேட் திறந்து கிடந்தாலும், அவளைப் பொறுத்தவரை அது பூட்டித்தான் இருக்கு.

ஒழுக்க விதியும் பாதுகாப்பு விதியும் ஒரே நோட்டீஸ் போர்டுல ஒட்டப்படுறதால ரெண்டும் ஒரே வகைன்னு நினைக்கிறோம். பல இடத்துல ரெண்டும் நேருக்கு நேர் மோதுது. மோதும்போது பெரும்பாலும் ஜெயிக்கிறது முதல் விதிதான், ஏன்னா அதை மீறினா உடனே கண்ணுக்குத் தெரியும். ரெண்டாவதை மீறினா பத்து வருஷம்கூட ஒண்ணுமே நடக்காது.

நடந்த ஒரு நாளைப் பார்ப்போம். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. எங்க பேட்ச்ல பாதிப் பேர் பிறந்த வருஷம். பெரம்பலூரில் இருந்து அரியலூர் வழியாகப் போனால் வந்துவிடும் கும்பகோணத்தில், காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. கீழே சத்துணவு சமையல். காலை 11 மணி வாக்கில் சமையல் கொட்டகையின் கீற்றில் தீப்பிடித்து, மாடி வகுப்பறைகளுக்கு மேல் போட்டிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரிகிற கூரை பிள்ளைகள் மேலேயே விழுந்தது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

நீதிபதி சம்பத் கமிஷன் விசாரித்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஜூலை 30-இல், பத்து வருஷம் கழித்து. இடையில் 2009 ஏப்ரல் 13-இல் உச்ச நீதிமன்றம், அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், கல்வி பெறும் உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அதற்குள் அடங்கும் என்று சொன்னது. அந்த வழக்கே கும்பகோணத்துக்குப் பிறகு போடப்பட்டதுதான். பள்ளிக் கட்டடங்கள் என்.பி.சி.யின் தீப்பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

"அது ஓலைக் கூரை, நம்மது கான்கிரீட்" என்று ஒரு ஜூனியர் சொன்னான். சரிதான். கான்கிரீட் எரியாது. உள்ளே இருக்கிறது எரியும். 2019 மே 24, சூரத்தில் தக்ஷசிலா என்ற வணிக வளாகம். கீழே கடைகள், மேல் தளத்தில் கோச்சிங் வகுப்பு. மேலே போகிற மரப் படிக்கட்டு எரிந்துபோனது. 22 மாணவர்கள் இறந்தார்கள், அதில் பலர் மேலிருந்து குதித்தவர்கள். அங்கேயும் பல பேர் பகிர்ந்துகொண்ட ஒரு கட்டடம்தான்.

பூட்டுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு, அது நியூயார்க்கில் நடந்தது. 1911 மார்ச் 25, ஆஷ் பில்டிங்கின் 8, 9, 10-ஆம் மாடிகளில் ட்ரையாங்கிள் என்ற தையல் கம்பெனி. வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிக்க வசதியாக, 9-ஆம் மாடியில் ஒரு பக்கத்துப் படிக்கட்டுக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். துணித் திருட்டைத் தடுக்கத்தான். 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் நம்ம வயசுப் பெண்கள். இன்னொரு விஷயம் படிச்சப்போ நான் அப்படியே நின்னுட்டேன். அந்தக் கட்டடம் இடிக்கப்படவில்லை. இன்றைக்கு அது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பிரவுன் பில்டிங், மாணவர்கள் படிக்கிற இடம். தீப்பிடித்த அன்று பக்கத்துக் கட்டடத்தில் இருந்த சட்ட மாணவர்கள்தான் தங்கள் மொட்டை மாடியில் இருந்து ஏணி இறக்கி, தொழிற்சாலைக் கூரைக்கு ஏறி வந்தவர்களைக் காப்பாற்றினார்கள். அவங்க மொட்டை மாடிக் கதவு மட்டும் அன்னிக்குப் பூட்டியிருந்தா?

மொட்டை மாடி, பின்கேட், ஹாஸ்டல் கிரில். இது மூணையும் ராத்திரி பூட்டணும்னா பூட்டட்டும், அதுக்குக் காரணம் இருக்கலாம். ஆனா உள்ளே இருந்து சாவி இல்லாம திறக்கிற மாதிரிப் பூட்டு இருக்கு. தியேட்டர்ல பார்த்திருப்பீங்க, குறுக்கே ஒரு கம்பி, கையால தள்ளினா கதவு வெளிப்பக்கமா திறக்கும். வெளியில இருந்து யாரும் உள்ளே வர முடியாது. வார்டனோட பயமும் தீரும், உள்ளே தூங்குறவங்களுக்கு வழியும் இருக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கணும்கிறதுக்கும் காரணம் இருக்கு. உள்பக்கம் திறக்கிற கதவைக் கூட்டம் பின்னால இருந்து நெருக்கினா, முன்னால நிக்கிறவரால அதை இழுக்க முடியாது.

தீ எப்படி ஆரம்பிக்கும் என்பதற்கு என் டிபார்ட்மென்ட் பதிலை மட்டும் சொல்லிவிடுகிறேன், ட்ரிபிள் ஈ-க்காரங்க இதைத் தாண்டிப் போகலாம். ஹாஸ்டல் ரூமில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் 1500 வாட் கெட்டில், 1000 வாட் அயர்ன் பாக்ஸ். 2500-ஐ 230-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 10.9 ஆம்பியர். சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்குச் செய்தது. கெட்டில் மட்டும் தனியாகவே 6.5 எடுக்கும். "எம்.சி.பி. விழலையே, அப்ப சேஃப்தான்" என்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. ஏன் விழப்போகிறது? அது சுவருக்குள் போகிற ஒயரைக் காப்பாற்ற வைத்தது. நீங்கள் 150 ரூபாய்க்கு வாங்கிய பாக்ஸின் மெல்லிய ஒயரைப் பற்றி அதுக்குத் தெரியாது.

பிளக் லூசாக இருந்தால் இன்னும் மோசம். அந்த இணைப்பில் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். ஐ ஸ்கொயர் ஆர் போட்டால் சுமார் 59 வாட். லேபில் ஈயத்தை உருக்குகிற சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சூடு, பிளாஸ்டிக்குக்குள், மெத்தைக்குப் பக்கத்தில்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? புகை மேலே ஏறும், அதனால் குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து போக வேண்டும். லிஃப்ட் வேண்டாம். அறையை விட்டு வரும்போது கதவைச் சாத்திவிட்டு வரவும், பூட்ட வேண்டாம். சாத்திய கதவு புகையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அது மற்றவர்கள் இறங்குகிற நேரம். தீயணைப்பான் எடுத்தால் பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைப் பார்த்து அடிக்க வேண்டும், மேலே தெரிகிற ஜுவாலையை அல்ல. சிலிண்டர் சில விநாடிகளில் காலியாகிவிடும். அதனால் நம்ம முதுகுப் பக்கம் வெளியே போகிற வழி இருந்தால் மட்டும் அதைக் கையில் எடுங்கள். குப்பைத் தொட்டி அளவுத் தீக்குத்தான் அது, ரூம் அளவுத் தீக்கு இல்லை. கரண்ட் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பகிர்ந்துகொள்ளும் கட்டடத்தில் இன்னொரு சிக்கல், ட்ரில். ஒரு டிபார்ட்மென்ட் மட்டும் தீ ஒத்திகை நடத்தினா அது ஒத்திகையே இல்ல. 60 பேர் இறங்கும்போது படிக்கட்டு அழகா வேலை செய்யும். மூணு டிபார்ட்மென்டும் பாலிடெக்னிக்கும் பி.எட்.டும் ஒரே நேரத்துல இறங்கினாத்தான் எங்க அடைக்குதுன்னு தெரியும். எல்லா எச்.ஓ.டி.யும் ஒரே நாள்ல ஒத்துக்கணும், அதுதான் கஷ்டம். மேக்ஸ் பீரியட் போகுதுன்னா மாணவர்கள் தரப்புல எதிர்ப்பு இருக்காது.

அதுக்கு முன்னாடி நம்மளே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. ஒரு அளவு டேப்போட மதியம் பிரேக்ல உங்க மாடியில ரெண்டு படிக்கட்டையும் அளந்து பாருங்க. எங்க ரொம்பக் குறுகலா இருக்கோ அந்த இடத்தை, சாமானைத் தள்ளிட்டு இல்ல, சாமானோட அளங்க. மில்லிமீட்டர்ல எழுதி 10-ஆல வகுத்து, அந்த மாடியில இருக்கிற ஆட்களோட எண்ணிக்கையைப் பக்கத்துல போடுங்க. ரெண்டு நம்பரையும் ஒரு போட்டோவோட சேர்த்து பிரின்சிபலுக்கு லெட்டரா கொடுங்க, கிளாஸ் ரெப் கையெழுத்தோட. புகார்னு தலைப்புப் போடாதீங்க, அளவு விவரம்னு போடுங்க. பின்கேட் சாவி எந்த நேரத்துல யார் கையில இருக்குங்கிற கேள்வியையும் அதே லெட்டர்ல கேளுங்க.

தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. போன் பண்ணும்போது கல்லூரி பேரை மட்டும் சொல்லி வச்சுடாதீங்க. எந்த பிளாக், எத்தனாவது மாடி, மேலே எத்தனை பேர் மாட்டியிருக்காங்க, வண்டி உள்ளே வர எந்த கேட் திறந்திருக்கு, இந்த நாலையும் சொல்லுங்க. எதிர்ல இருக்கிறவர் வைக்கச் சொல்ற வரைக்கும் லைன்லயே இருங்க. மெயின் கேட்டுக்கு ஒரு ஆளை அனுப்பி நிக்க வைங்க, வண்டிக்கு வழி காட்ட.