பிள்ளையின் பல்லும் மாதாந்தக் கொடுப்பனவும்

தாய்மாரே, தகப்பன்மாரே,

உங்கள் வீட்டில் 13, 14 வயதுப் பிள்ளை இருக்கிறதா? சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துகிறதா என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். "வெக்கப்படுது" என்று நாம் விட்டுவிடுகிறோம். பல நேரம் காரணம் முன்பல்லில் விழுந்த கறுப்புத்தான். ஒரு பக்கமாகவே மெல்லுவது, ராத்திரி தூங்காமல் புரளுவது, பாடசாலைக்குப் போகமாட்டேன் என்பது, இவையும் பல்லால் வரக்கூடும்.

ஏன் இந்த வயதைச் சொல்லுகிறோம்? 6 வயதளவில் பால் பற்களுக்குப் பின்னால் முதல் பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே பலர் நினைக்கிறார்கள். அது போனால் மறுபடி முளைக்காது. 12 வயதளவில் இரண்டாவது வருகிறது. பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் பொதுவாக 13 வயது வரைதான் பார்ப்பார்கள். பிறகு பெரியாஸ்பத்திரிக்கு நாமேதான் கூட்டிப்போக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் கூட்டிப்போகும் தாய்க்கு அன்றைய பேர் இல்லை. பஸ் காசு வேறு. நம்பர் முடிந்துவிட்டால் இன்னொரு நாள் பேரும் போச்சு. ஆகவே வலிக்கும்வரை தள்ளிப்போடுகிறோம். கடுமையாக வலிக்கும்போது சொத்தை பெரும்பாலும் நரம்புவரை போயிருக்கும். அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்க வேண்டிவரும். இதைக் கவனக்குறைவு என்பவர்கள் ஒரு நாள் கொழுந்துக் கூடை சுமந்து பார்க்கட்டும்.

2023இல் சமுர்த்தி உதவிப்பணத்தின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. தொடங்கியபோது ஏழைக் குடும்பமாகத் தெரிவானவர்களுக்கு மாதம் 8,500 ரூபா. அரிசிக்கும் மாவுக்குமே அது காணாது என்பது எங்களுக்கும் தெரியும். என்றாலும் பேர் விழாத மாதத்திலும் வருகிற காசு அது. அதில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்துவைத்தால், வருஷத்தில் ஒரு நாள், வலி இல்லாதபோதே, பிள்ளையைக் காட்டிவிடலாம். பாடசாலை லீவு நாளில் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே பயணத்தில் கூட்டிப்போங்கள். வேலையிலிருந்து நின்ற பாட்டி ஒருவர் லயத்துப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிப்போனால் நாலு தாய்மாரின் பேர் தப்பும். பல் பிடுங்குவதென்றால் பெற்றோர் வர வேண்டுமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு வருகிற நாளில் கடையில் டொப்பியும் கிரீம் பிஸ்கட்டும் வாங்கும் பழக்கம் இருக்கிறதே, அதையும் சொல்லத்தான் வேண்டும். பல்லில் பூச்சி இல்லை. வாயிலுள்ள கிருமி சீனியைப் புளிப்பாக்கி, அந்தப் புளிப்புப் பல்லை அரிக்கிறது. எவ்வளவு சீனி என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் சீனித் தேத்தண்ணி, ஒரே தடவையில் குடிப்பதைவிடக் கெடுதல். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

செங்கல் தூளும் கரியும் பல்லைத் தேய்த்துவிடும். புளோரைட் உள்ள பற்பசை கடலையளவு போதும், காலையிலும் படுக்கப்போகும் முன்னும். நுரையைத் துப்பினால் சரி, தண்ணீரால் அலம்பிக் கொப்பளிக்க வேண்டாம்.

வலிக்கிற பல்லில் புகையிலையோ பாக்கோ வைக்காதீர்கள். இரண்டும் வாய்ப் புற்றுநோய் தரும் சாமான்கள். இந்த வயதில் பழகினால் விடுவது கஷ்டம். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அல்லது வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால், லீவு நாள் வரட்டும் என்று பார்க்க வேண்டாம். பேர் போனாலும் பரவாயில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.