வீட்டு அட்வான்ஸ் யாருடைய பணம்?

வாடகை வீட்டுக்குப் போகும்போது அட்வான்ஸ் கொடுக்கிறோம். அது வாடகை அல்ல. வீட்டுக்காரரிடம் நாம் கொடுத்து வைக்கும் பணம். வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி, நாம் செய்த சேதம் இருந்தால் அவர் கழித்துக்கொள்ளலாம். மீதி நம்முடையது.

பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். முனியம்மா அங்கே ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை செய்கிறார். மாத வாடகை 5,000 ரூபாய். அட்வான்ஸ் 50,000 ரூபாய். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது.

மூன்று வருடம் கழித்து வீட்டைக் காலி செய்தார். சாவியையும் கொடுத்துவிட்டார். பணம் வரவில்லை.

"பெயிண்ட் அடிக்க இருபதாயிரம் ஆகும். மீதியும் புது ஆள் அட்வான்ஸ் கொடுத்தால்தான் தர முடியும்மா" என்றார் வீட்டுக்காரர்.

முனியம்மா மூன்று மாதம் நடந்தார். அடகு வட்டி ஏறியது. ஒருநாள் மகள் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் படித்தாள்.

"அம்மா, பெயிண்டுக்கு ஒரு மாத வாடகைதான் கழிக்கலாம்னு இதிலே இருக்கு. காலி பண்ற அன்னிக்கே மீதியைத் தரணும்னும் இருக்கு."

இருவரும் கணக்கு எழுதினார்கள்.

அட்வான்ஸ்: ரூ. 50,000
பெயிண்டுக்கு: ரூ. 5,000
கரண்ட் பில் பாக்கி: ரூ. 600
வர வேண்டியது: ரூ. 44,400

பிறகு முனியம்மா தன் கையாலேயே கடிதம் எழுதினார்.

"ஐயா,
மே 31ஆம் தேதி உங்கள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தேன். எனக்கு வர வேண்டிய பணம் ரூ. 44,400. கணக்கை இத்துடன் வைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் தந்து உதவவும். தராவிட்டால் சட்ட உதவி கேட்பேன்.
இப்படிக்கு,
முனியம்மா"

கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பினார். ரசீதையும் கடிதத்தின் நகலையும் பத்திரமாக வைத்தார். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டுடன் இணைந்துவிட்டது.

பதில் வரவில்லை. முனியம்மா நீதிமன்ற வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனார். மனு எழுத உதவினார்கள். வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போனது. மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் பேசினார்கள். இரண்டு தவணையில் முழுப் பணமும் தர வீட்டுக்காரர் சம்மதித்தார். அது எழுத்தில் பதிவானது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தெரிந்துகொள்வோம்

1. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987இல் வந்தது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.
2. மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் முடிவு, சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.
3. பணம் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டு வரைதான் காலம் உண்டு. "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்ற பேச்சை நம்பிக் காலத்தைக் கடத்தக் கூடாது.
4. புழங்கிய வீட்டில் சுவர் மங்குவது இயல்பு. அது சேதம் ஆகாது.
5. அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும். காலி செய்யும் நாளில் வீட்டைப் படம் எடுக்க வேண்டும். சாவி கொடுத்ததை எழுதி வாங்க வேண்டும்.

பதில் எழுதுங்கள்

1. முனியம்மாவுக்கு ரூ. 44,400 வர வேண்டும் என்பது எப்படித் தெரிந்தது?
2. ஸ்பீடு போஸ்ட் ரசீதை ஏன் பத்திரமாக வைக்க வேண்டும்?
3. உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறது? படித்துப் பாருங்கள்.