பென்ஷனை எப்போது வாங்குவது?

நம்பிக்கை: "பி.எஃப். பென்ஷனை ஐம்பதிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஐம்பத்தெட்டு ஆனதும் முழுத்தொகை தானாக வந்துவிடும்."

முதல் பாதி சரி. 1995 நவம்பர் 16-இல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், பத்தாண்டு சர்வீஸ் முடித்து வேலையை விட்டவர் 50 வயதிலிருந்து பென்ஷன் கேட்கலாம். ஆனால் 58-க்கு எத்தனை ஆண்டு குறைகிறதோ, ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு விழும். அந்த வெட்டு ஆயுளுக்கும் உண்டு. 58 ஆனாலும் ஒரு ரூபாய் ஏறாது.

நம்பிக்கை: "அப்படியானால் முன்கூட்டி வாங்குவது வடிகட்டின நஷ்டம்."

விவரம் தெரிந்தவர்களே இப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 58-இல் 5,000 ரூபாய் வரவேண்டியவர் 56-இலேயே எடுத்தால் சுமார் 4,600 கிடைக்கும். 58-க்குள் 24 மாதத்தில் 1,10,000 ரூபாய் கைக்கு வந்துவிடும். அதன்பின் மாதம் 400 குறைகிறது. அந்த நானூறுகள் சேர்ந்து, முன்னே வாங்கிய தொகையை எட்ட இருபது ஆண்டுக்கு மேலாகும். இதில் வட்டியைச் சேர்க்கவே இல்லை. இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படியும் கிடையாது என்பதால், 56-இல் வாங்கும் ரூபாய்க்கு 76-இல் வாங்கும் ரூபாயைவிட மதிப்பு அதிகம். (அரசு ஊழியர் பென்ஷனை மனத்தில் வைத்துப் பேசுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.)

60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும் என்கிறார்களே, அதற்கும் இதே கணக்குதான்: விட்ட 1,20,000 திரும்பிவர எண்பது வயது தாண்டிவிடும். சம்பளம் நின்றுபோய், கந்துவட்டிக்குக் கைநீட்டும் நிலையில் இருப்பவர் முன்கூட்டி வாங்குவதில் தவறே இல்லை. வேறு வேலைக்குப் போய் சர்வீஸைக் கூட்ட முடிகிறவர்தான் பொறுக்க வேண்டும்.

நம்பிக்கை: "கம்பெனி மாறும்போது பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுவதே லாபம்."

நிஜமான நஷ்டம் இதுதான். பத்தாண்டுக்குள் அந்தப் பணத்தை எடுத்தால் அதுவரை சேர்ந்த சர்வீஸ் அழிந்துவிடும். அடுத்த கம்பெனியில் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பென்ஷன் கணக்கோ, சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. ஆண்டு குறைந்தால் தொகை சுருங்கும். பழைய சர்வீஸுக்குச் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தாலோ, கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றினாலோ பழைய ஆண்டுகள் பிழைக்கும்.

நம்பிக்கை: "ஓய்வுக்குப் பின் பி.எஃப். பணத்தைத் தொடாமல் விட்டால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்."

58-இல் ஓய்வு பெற்றவருக்கு 36 மாதம் வரைதான். அந்த வட்டிக்கும் வருமான வரி உண்டு.

பென்ஷன் கேட்கும் 10-டி படிவத்தைத் தொடும் முன் ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொரு கம்பெனியிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, உங்கள் பிறந்த தேதி மூன்றும் பி.எஃப். பதிவில் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.