கணினிப் பாதுகாப்புத் துறையில் சேர விரும்பும் மாணவர்களுக்கு

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன், தனியார் கல்லூரிகளின் வண்ண விளம்பரங்கள் தோட்டப்புறப் பெற்றோர்களையும் தேடி வருகின்றன. 'இணையப் பாதுகாப்பு' என்னும் பெயர் இப்பொழுது அவற்றில் பெரிய எழுத்துகளில் காணப்படுகிறது. அது வெறும் கவர்ச்சிப் பெயரன்று. 2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அச்சட்டம் பட்டியலிடும் 11 முக்கியத் துறைகளுள் வங்கி, எரிசக்தி, சுகாதாரம் ஆகியவற்றோடு விவசாயமும் தோட்டத் தொழிலும் இடம்பெற்றுள்ளன என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆகவே, இத்துறைக்கு ஆள் தேவைதான்; எந்தப் படிப்பின் வழியாக அதனை அடைவது என்பதையே நாம் ஆராய வேண்டியுள்ளது.

பெயரைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுத்தல் கூடாது. ஒரு கணினி மற்றொன்றோடு எவ்வாறு தொடர்பு கொள்கிறது, இயக்க முறைமை எந்தக் கோப்பைத் திறக்க யாருக்கு அனுமதி அளிக்கிறது, நிரலின் ஒரு வரியில் நேர்ந்த பிழை அயலாருக்கு எப்படி வாசலாகிவிடுகிறது என்பனவற்றை அறியாதவர், பாதுகாப்புக் கருவிகளை இயக்கக் கற்றிருந்தாலும் பயனில்லை. கருவி எழுப்பும் எச்சரிக்கை மெய்யா, பொய்யா என்று அவரால் சொல்ல இயலாது. எனவே, கல்லூரியில் முதலில் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். நிரலாக்கம், கணினி வலையமைப்பு, இயக்க முறைமை, தரவுத்தளம், கணிதம் ஆகியவை அதில் இருந்தால், பட்டத்தின் பெயர் 'கணினி அறிவியல்' என்று மட்டும் இருப்பினும் குறையில்லை. கணிதம் என்றாலே ஒதுங்கும் மாணவர் இத்துறையைப் பற்றி மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்தது அங்கீகாரம். பெற்றோர்கள் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமை ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே அங்கீகாரம் வழங்குகிறது. ஒரு கல்லூரியின் ஒரு படிப்பு அங்கீகாரம் பெற்றிருப்பதனால் மற்றப் படிப்புகளும் பெற்றுவிட்டன என்று கொள்ளலாகாது. பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் இந்த அங்கீகாரத்தைப் பொறுத்ததே. அக்கடன் உபகாரச் சம்பளம் அன்று. படிப்பு முடிந்தபின் திருப்பிச் செலுத்த வேண்டியது.

செலவு குறைந்த வழிகளும் உள. எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டுப் படிப்பு. தேர்ச்சி பெற்றோர் யூ.பி.யூ. வழி அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மலாக்காவிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (யூ.டி.இ.எம்.) கணினிப் பாதுகாப்புக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. சீக்கிரம் வேலைக்குச் செல்ல வேண்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் போலிடெக்னிக் டிப்ளோமா ஏற்றது. தொழிற்பயிற்சியும் அதில் அடங்கும், பின்னர்ப் பட்டப்படிப்பையும் தொடரலாம். சில வாரங்களில் சான்றிதழ் தருவதாகக் கூறும் வகுப்புகளுக்கு அவசரம் வேண்டாம். காம்ப்டியா நிறுவனத்தின் 'செக்யூரிட்டி பிளஸ்' போன்ற பெயர்பெற்ற சான்றிதழும் மூன்றாண்டுகளுக்கே செல்லும். வேலையில் அமர்ந்தபின் முதலாளியின் செலவிலேயே அதனைப் பெற்றவர்களும் உண்டு.

பதிவுக் கட்டணம் செலுத்துமுன், படிப்பின் முழுப் பெயரையும் அது நடத்தப்படும் வளாகத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் அதைக் கொடுத்தால், எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுவார்.