கோவேறு கழுதையும் கொடைக்கணக்கும்

இணையத்தில் கணிப்பொறி வைத்திருப்போர் தம்முள் நேரே கோப்புக்களைக் கொடுத்து வாங்குதற்கு அமைந்த மென்பொருள்கள் பல. அவற்றுள் ‘ஈமியூல்’ என்பதன் வளர்ச்சி ஆராயத்தக்கது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘ஈடாங்கி 2000’ என்னும் மென்பொருள் தோன்றிற்று. டாங்கி என்பது கழுதை. அதன் மூலநிரல் நிறுவனத்தாரிடமே மறைந்திருந்தது. அதன் குறைகளைக் கண்டு மனம் நிறைவுறாத ஜெர்மானியராகிய ஹெண்ட்ரிக் பிரைட்கிரொய்ட்ஸ் என்பார், 2002ஆம் ஆண்டு மே மாதத்தில், தோழர் சிலரோடு கூடிப் புதியதொன்றை இயற்றத் தொடங்கி, அதற்குக் கோவேறு கழுதை எனப் பொருள்படும் ‘மியூல்’ என்ற பெயரை இட்டார். அதன் மூலநிரலோ யாவரும் கண்டு திருத்தி வழங்குமாறு திறந்து வைக்கப்பட்டது.

இம்மென்பொருள் பெரிய கோப்பை 97,28,000 பைட்டு அளவுள்ள பகுதிகளாகப் பிரிக்கும். ஒரு பகுதி முற்றுப்பெற்றவுடனே, கோப்பு முழுதும் கிடையாமுன்னரே, பெற்றவர் அதனைப் பிறர்க்கு அளிக்கலாம். எனவே வாங்குவோர் யாவரும் வழங்குவோரும் ஆகின்றனர்.

வாங்கி மட்டும் செல்வோரை என்செய்வது? இதற்கென ஒரு கொடைக்கணக்கு அமைந்துளது. முருகன் வேலனுக்கு ஒரு கோப்பை அளித்தான் என்க. அக்கொடை முருகனது கணிப்பொறியில் வரவு வைக்கப்படுவதில்லை. பெற்ற வேலனது கணிப்பொறியிலேயே பதிவாகும். பின்பு முருகன் ஒன்றை வேண்டி வரிசையில் நிற்குங்கால், வேலனது கணிப்பொறி அவனை விரைந்து முன்னிறுத்தும். கொடுத்தவன் தன் கொடையைப் பெருக்கிக் காட்ட இயலாது. இதனைச் செய்ந்நன்றியறிதல் என்றே கூறலாம்.

கோப்பு எவரிடம் உளது என்பதை அறிவிக்க முதலில் நடுவண் சர்வர்கள் இருந்தன. நடு வீழின் யாவும் வீழும் அன்றோ? ஆதலின், நியூயார்க் பல்கலைக்கழகத்தார் இருவர் 2002இல் வெளியிட்ட ‘கடெம்லியா’ என்னும் முறையைத் தழுவி, 2004இல் ‘கட்’ என்னும் வலையமைப்புச் சேர்க்கப்பட்டது. இதில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் உண்டு. கோப்பின் எண்ணுக்கு அணுகிய எண்ணுடைய கணிப்பொறிகளே அக்கோப்பு இருக்குமிடத்தைக் குறித்து வைக்கும்.

2006 பிப்ரவரியில் பெல்ஜியத்தில் ‘ரேசர்பேக் 2’ என்ற பெருஞ்சர்வர் கைப்பற்றப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஈடாங்கி நிறுவனத்தார் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு 3 கோடி டாலர் அளிக்க உடன்பட்டுத் தம் மென்பொருளை நிறுத்தினர். கழுதை மறைந்தது, மூலநிரல் பலர் கையில் இருந்தமையால் கோவேறு கழுதை எஞ்சியது. 2010இல் 0.50a என்னும் பதிப்பு வந்தபின் நெடுநாள் ஓய்ந்திருந்தும், தொண்டர் சிலர் அதே நிரலினின்று புதுப்பதிப்புக்களை இயற்றியுள்ளனர்.

ஆயின் ஒன்று எண்ணற்பாலது. அக்கணக்கில் கொடுப்பவனும் கொள்பவனும் ஆகிய இருவரே உளர். பாடலைப் பாடியவர்க்கும் நூலை எழுதியவர்க்கும் அதில் இடமில்லை. பிறர் உழைப்பின் பயனை அவர் இசைவின்றி வழங்குதல் ஈகையாகாது. அம்மூன்றாமவர் கணக்கை எந்த மென்பொருளும் எழுதாது. அதனைத் தம் மனச்சான்றில் எழுதிக்கொள்ளுதல் அதனைக் கையாளும் மாணவர் கடன்.