குவளையில் கொய்யா

மதிய உணவு வேளை. உணவங்காடியின் மூலையிலுள்ள பழச்சாற்றுக் கடையில் அரைவை இயந்திரம் ஓயாமல் இரைகிறது. கடைக்காரர் கொய்யாத் துண்டுகளைத் தண்ணீரும் சீனிப்பாகும் ஊற்றி அரைக்கிறார், வடிகட்டுகிறார், ஓர் அசாம் போயைப் போட்டு, பனிக்கட்டி நிரப்பித் தருகிறார். இளம்பச்சை நிறக் குவளையைப் பார்த்தாலே பாதித் தாகம் அடங்கிவிடும்.

மலாய்மொழியில் 'ஜம்பு பத்து' எனப்படும் கொய்யாவின் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. இன்று மலேசியாவில் வீட்டுக் கொல்லையிலும் பெருந்தோட்டங்களிலும் அது விளைகிறது. பேராக் மாநிலத்தின் பீடோர் பட்டணம் கொய்யாவுக்குப் பெயர்பெற்றது.

100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் உயிர்ச்சத்து 'சி' உள்ளது. அதே எடையுள்ள ஆரஞ்சில் இருப்பதோ சுமார் 50 மில்லிகிராம்தான். ஆயினும், சளி பிடித்தால் நாம் ஆரஞ்சைத்தான் தேடி வாங்குகிறோம்! மனித உடலால் இச்சத்தைத் தானே உருவாக்க முடியாது. அன்றாட உணவிலிருந்தே பெறவேண்டும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஈர்த்துக்கொள்ளவும் இது துணைபுரிகிறது. உணவோடு அருந்தும் தேநீரோ இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. வளரும் பருவத்தினர், குறிப்பாக இரத்தச்சோகைக்கு ஆளாகக்கூடிய பெண்பிள்ளைகள், சோற்றுடன் எதை அருந்துகிறார்கள் என்பது அற்ப விஷயமன்று.

ஆனால், பழத்தில் இருப்பதெல்லாம் குவளைக்கு வந்து சேர்வதில்லை. கொய்யாவின் உயிர்ச்சத்து 'சி' தோலிலும் அதையொட்டிய சதையிலும்தான் மிகுதி. தோலைச் சீவி எறிந்தால் அதுவும் குப்பைக்கூடைக்குப் போய்விடும். இச்சத்து நீரில் கரையக்கூடியது. ஆகவே, நறுக்கிய துண்டுகளை நீரில் ஊறவைத்தால் நீரோடு வெளியேறும். அரைக்கும்போது காற்றுபட்டுச் சிதையத் தொடங்கும். வெப்பமும் நேரமும் அச்சிதைவை விரைவுபடுத்தும். காலையில் அரைத்துக் கலனில் நிரப்பிவைத்த சாறும் கண்ணெதிரே அரைத்த சாறும் ஒன்றல்ல. விதைக்காக வடிகட்டும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதியும் சல்லடையிலேயே தங்கிவிடுகிறது.

இழப்பு ஒருபுறமிருக்க, சேர்ப்பதையும் பார்க்கவேண்டும். இரண்டு மேசைக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 25 கிராம். உணவில் சேர்க்கும் சீனியும் பழச்சாற்றிலுள்ள இனிப்பும் சேர்ந்து பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு குவளையிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. மலேசியாவில் 1 ஜூலை 2019 முதல், ஆலைகளில் தயாராகும் இனிப்புப் பானங்களுக்குக் கலால் வரி விதிக்கப்படுகிறது. உணவங்காடிக் குவளைக்கு அந்த வரி இல்லை. அங்கே 'குராங் மானிஸ்' என்று வாய் திறந்து சொல்வதுதான் கட்டுப்பாடு. அசாம் போய் சுவை கூட்டும் என்பது உண்மை, உப்பையும் கூட்டும். ஒன்று போதும்.

வீட்டில் சாறு தயாரிப்பது எளிது. நன்கு பழுத்த இரண்டு கொய்யாவைத் தோலுடன் கழுவி நறுக்கி, ஒரு குவளைக் குளிர்ந்த நீரில் அரைக்கவேண்டும். சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நிறம் மங்காது. புளிப்பு உயிர்ச்சத்தையும் ஓரளவு காக்கும். விதை மட்டும் தங்குமாறு பெரிய கண்ணுள்ள சல்லடையில் வடிகட்டி உடனே பருகலாம். பழம் நன்கு கனிந்திருந்தால் சீனி டப்பாவைத் திறக்கவே வேண்டியதில்லை.