நின்றுபோன வாட்ச் கெட்டுப்போகுமா?

வீட்டில் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்ந்துவிட்டால், அடுத்து எழும் பேச்சு வைண்டர். கையில் கட்டாத கடிகாரத்தை மோட்டாரால் மெல்லச் சுழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளராமல் பார்த்துக்கொள்ளும் பெட்டி அது. "வாங்காவிட்டால் கடிகாரம் பாழாகிவிடும்" என்பார்கள் ஒரு சாரார். "வாங்கினால்தான் பாழாகும்" என்பார்கள் இன்னொரு சாரார். கடிகாரத்துக்குள் நடப்பதைப் பார்த்தால் இரண்டுமே நிற்காது.

முதல் நம்பிக்கை வெகு பழையது. ஓடாமல் கிடந்தால் எண்ணெய் உறைந்து சக்கரங்கள் ஒட்டிக்கொள்ளும் என்கிறது அது. ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கடிகாரங்களுக்கு இட்டது பெரும்பாலும் விலங்கு எண்ணெய்தான். அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு துறைமுக நகரில் வில்லியம் நை நடத்திய நிறுவனம், ஓங்கில்களின் தாடைக் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெயைக் கடிகாரக்காரர்களுக்கு விற்றுவந்தது. அத்தகைய எண்ணெய் நாளடைவில் கெட்டிப்படும். இன்றைய கடிகாரங்களில் இருப்பதோ மோபியஸ் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் செயற்கை எண்ணெய். ஒரு மாதமோ ஆறு மாதமோ அசையாமல் கிடந்தால் அது உறைவதில்லை. ஆண்டுகள் போகப்போக அதுவும் வற்றும், தன்மை மாறும். ஆனால் ஓடினாலும் நின்றாலும் அந்த மூப்பு வந்தே தீரும். பெட்டிக்குள் சுழற்றிக்கொண்டிருப்பதால் அது தள்ளிப்போகாது.

ஓட்டத்துக்கும் ஒரு தேய்மானம் உண்டு. மணிக்கு 28,800 முறை துடிக்கும் கடிகாரம் ஒரு நாளில் 6,91,200 முறை துடிக்கிறது. ஓராண்டுக்கு 25 கோடிக்கு மேல். எண்ணெய் நல்ல நிலையில் இருக்கும்வரை இதனால் வரும் தேய்வு மிகச் சிறியது, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மேசை டிராயரில் நின்றுகிடக்கும் கடிகாரத்தில் அந்தச் சிறு தேய்வுகூடக் கிடையாது. தன் கடிகாரங்களைச் சுமார் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது ரோலெக்ஸ். ஒமேகா சொல்வது 5 முதல் 8 ஆண்டுகள். வைண்டர் இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டித்துத் தராது.

எதிர்த்தரப்பின் அச்சம் வேறு வகை. இரவு பகலாகச் சுற்றினால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி முறுக்கேறி அறுந்துவிடும் என்பார்கள். சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தில் ஸ்பிரிங்கின் வெளிமுனை, அதைத் தாங்கும் பேரலின் சுவரில் கொக்கியாக மாட்டியிருக்கும். முறுக்கு நிறைந்ததும் குமிழ் திரும்ப மறுக்கும். பலவந்தமாகத் திருகினால் சேதம்தான். ஆட்டோமேட்டிக்கில் அந்தக் கொக்கி இல்லை. ஸ்பிரிங்கின் வெளிமுனையில் சற்றே தடித்த ஒரு பட்டை எதிர்ப்பக்கமாக வளைந்து நின்று, பேரல் சுவரை அழுத்திப் பிடித்திருக்கும். முறுக்கு நிறைந்தவுடன் அந்தப் பிடி நழுவும், பட்டை சுவரோடு கொஞ்சம் வழுக்கி மறுபடி பிடித்துக்கொள்ளும். பட்டேக் ஃபிலிப் நிறுவனத்தின் அட்ரியன் ஃபிலிப் 1863-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஆகவே ஸ்பிரிங் அறுந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

ஆனாலும் அந்த வழுக்கல் எத்தனை முறை நடந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட முடியாது. பட்டை அளவாகப் பிடித்து அளவாக நழுவுவதற்கென்றே பேரல் சுவரில் தனி கிரீஸ் பூசுகிறார்கள். இடைவெளியே இல்லாமல் சுற்றும் மலிவான பெட்டியில், நிறைந்த ஸ்பிரிங் மேலும் மேலும் வழுக்கி அந்தக் கிரீஸைத்தான் தீர்க்கும். பெரும்பாலான கடிகாரங்களுக்கு ஒரு நாளைக்கு 650 முதல் 800 சுற்று போதும். சிறிது சுற்றி, நெடுநேரம் ஓய்ந்து, மறுபடி சுற்றும் பெட்டியே நல்ல பெட்டி. திசையும் முக்கியம். ஈடிஏ 2824 இயந்திரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் முறுக்கேறும். வால்ஜூ 7750 ஒரே திசையில்தான் ஏறும். மறுதிசையில், ஸ்பிரிங்கை முறுக்கும் எடைத்தகடான ரோட்டர் வெறுமனே சுழலும். திசையை மாற்ற வசதியில்லாத பெட்டியை வாங்கிவிட்டு, கடிகாரம் ஏன் நிற்கிறது என்று கடைக்கு நடப்பவர்கள் இந்த ஒரு விவரத்தை முன்பே கேட்டிருக்கலாம்.

வைண்டரிலிருந்து எடுத்தால் நேரமே வைக்க வேண்டாம், அப்படியே கட்டிக்கொண்டு கிளம்பலாம் என்பது கடைகளில் அதிகம் கேட்கும் வாக்கு. இது பாதி உண்மை. சுவிட்சர்லாந்தின் கோஸ்க் அமைப்பிடம் துல்லியச் சான்று பெற்ற கடிகாரத்துக்கே நாளொன்றுக்கு 4 வினாடி பிந்தவும் 6 வினாடி முந்தவும் அனுமதி உண்டு. நாளுக்கு 6 வினாடி முந்தினால் ஒரு மாதத்தில் 3 நிமிடம். ரயிலுக்குப் போகிறவர் எப்படியும் குமிழை இழுத்துத் திருத்தத்தான் வேண்டும். தேதிச் சாளரம் மட்டும் உள்ள கடிகாரமானால், 31 நாள் இல்லாத ஐந்து மாதங்களின் முடிவிலும் தேதியைக் கையால் தள்ளித்தான் ஆக வேண்டும். பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியது கடிகாரத்தின் சேமிப்பு நேரத்தை. வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு முழு முறுக்கோடு கழற்றி வைத்ததாகக் கொள்வோம். 38 மணி நேரம் தாங்கும் ஈடிஏ 2824-2 ஞாயிறு காலை 9 மணிக்கு நின்றுவிடும். 70 மணி நேரம் தாங்கும் ரோலெக்ஸ் 3235 திங்கள் மாலை 5 மணி வரை ஓடும். டிஸ்ஸோ கடிகாரங்களில் வரும் பவர்மேட்டிக் 80, செவ்வாய் அதிகாலை 3 மணி வரை. அலுவலகத்துக்கு ஒரே கடிகாரத்தைக் கட்டுகிறவருக்குப் பின்னிரண்டில் எது இருந்தாலும் வைண்டருக்கு வேலையே இல்லை. நின்றுபோனாலும் என்ன? ரோலெக்ஸ் குமிழைக் குறைந்தது 25 சுற்று திருகச் சொல்கிறது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வாங்கிவந்த பழைய சீக்கோ 5-இல் உள்ள 7எஸ்26 இயந்திரத்துக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. கிடைமட்டமாகப் பிடித்து அரை நிமிடம் இடவலமாக ஆட்டினால் ஓடத் தொடங்கும், மீதியைக் கையசைவு பார்த்துக்கொள்ளும். தேதியை மட்டும் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் முட்கள் இருக்கும்போது மாற்றக் கூடாது. அந்நேரத்தில் தேதிப் பற்கள் ஏற்கெனவே பிடித்திருக்கும். முட்களை 6-க்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றினால் ஆபத்தில்லை. வைண்டர் இல்லாததால் கெட்ட கடிகாரத்தைவிட, இந்த நேரத்தில் தேதியைத் திருகிப் பல் உடைந்த கடிகாரமே பழுதுபார்ப்பவரிடம் அதிகம் போகும்.

வைண்டர் உண்மையிலேயே உதவும் இடம், மாதத்தின் நாள் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் பெர்பெட்சுவல் காலண்டர் கடிகாரம். ஐடபிள்யூசி நிறுவனத்துக்காகக் கர்ட் கிளவுஸ் வடிவமைத்து 1985-இல் வந்த டா வின்சி, தேதி, கிழமை, மாதம், நான்கு இலக்க ஆண்டு, நிலவின் பிறை அனைத்தையும் ஒரே குமிழால் முன்னோக்கி நகர்த்தும். பின்னோக்கி நகர்த்த வழியில்லை. கவனம் தப்பி இரண்டு நாள் கூடுதலாகத் தள்ளிவிட்டால், கடிகாரத்தை நிறுத்திவைத்து நாட்காட்டி அதை எட்டும்வரை காத்திருக்க வேண்டும். வேறு நிறுவனங்களின் இத்தகைய கடிகாரங்களில் உடலின் ஓரத்தில் ஊசிமுனையால் அழுத்த வேண்டிய நுண்பொத்தான்கள் இருக்கும். வரிசை தவறினால் சிக்கல். இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு மாதம் இருமுறை மட்டும் கட்டுகிறவருக்கு வைண்டர் கொடுத்த காசுக்குத் தகும். குமிழைத் திருக விரல் ஒத்துழைக்காத முதியவர்களுக்கும் அப்படியே. வாங்குகிறவர்கள் கடிகாரத்தின் இயந்திர எண்ணைச் சொல்லி, அதற்குரிய சுற்றும் திசையும் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கொடுக்க வேண்டும். பேட்டரி வாட்சுக்கும், எச்எம்டி ஜனதா போன்று கையால் சாவி கொடுக்கும் வாட்சுக்கும் இந்தப் பெட்டியால் எந்தப் பயனும் இல்லை.

ஒரு வகைக் கடிகாரத்தை மட்டும் வைண்டரில் வைக்கவே கூடாது. அப்பாவின் கல்யாணத்துக்கு வந்த எச்எம்டி காஞ்சன் பீரோவில் இருபது வருடமாகக் கிடக்கிறது, சுற்றவிட்டால் உயிர் வந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். உயிர் வரலாம், ஆனால் வற்றிய எண்ணெயில் ஓடும் அச்சுமுனைகள் ஒவ்வொரு மணிநேரமும் தேயும், அந்தத் துகள் மிச்சமிருக்கும் எண்ணெயோடு கலந்து மேலும் அரைக்கும். அதை முதலில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் இடச் சொல்ல வேண்டும். வைண்டருக்கு ஒதுக்கிய பணத்தை அந்த சர்வீஸுக்குக் கொடுத்து, வாரத்தில் இரண்டு நாள் அதைக் கட்டிக்கொள்ளலாம்.